வெளியே தள்ளாத பம்ப்

வெற்றிடக் கருவிகளோடு கழிந்த என் வேலைக்காலத்தை இப்போது நினைக்கும்போது ஓர் எண்ணம் உறுதியாக நிற்கிறது. கிரையோ பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கவலைப்பட அதிகம் இல்லை. அது நிற்கும்போதுதான் பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். கண்ணாடியிலும் சிலிக்கான் தகட்டிலும் மெல்லிய படலம் பூசுகிற கூடங்களில் இந்தப் பம்ப் சேம்பருக்குக் கீழே டக் டக்கென்று சீராக அடித்துக்கொண்டு வாரக்கணக்கில் ஓடும். எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை, வேகமாகச் சுழலும் பாகம் இல்லை, சத்தமும் கொஞ்சம்தான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனாலேயே அதை நிறுத்திச் சூடேற்றி, பிடித்த வாயுவை வெளியேற்றும் ரீஜெனரேஷன், எங்கள் பேச்சில் ‘ரீஜென்’, ஒரு துப்புரவு வேலைபோல ஆகிவிட்டது. மாலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்பினால் காலையில் பம்ப் தயாராக இருக்கும் என்ற நினைப்பு எங்கும் பரவியிருந்தது. அந்த நினைப்பு தவறு என்று நான் கருதுகிறேன். பம்புக்குள் எந்த வாயு எவ்வளவு போயிருக்கிறது என்ற கணக்கு கையில் இல்லாமல் ரீஜெனைத் தொடங்கக் கூடாது. எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகமாகச் சூடேற்றுவது, வெளிவருவதை எங்கே விடுவது என்ற எல்லாவற்றையும் அந்தக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும்.

ரோட்டரி பம்பும் டர்போ பம்பும் வாயுவை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் தள்ளிவிடுகின்றன. வாங்கியது அப்போதே குழாய் வழியாகப் போய்விடும். கிரையோ பம்ப் ஓடும்போது எதையும் வெளியே விடுவதில்லை. வாயுவைக் குளிர்ந்த தகட்டில் உறையவைத்து அங்கேயே பிடித்துக்கொள்கிறது. ஹீலியத்தைக் கம்ப்ரஸரில் அழுத்தி, கோல்டு ஹெட்டில் விரியவிட்டு அந்தக் குளிரை உண்டாக்குகிறார்கள். கிஃபோர்டும் மக்மஹோனும் 1950களின் கடைசியில் வகுத்த சுழற்சி அது. கோல்டு ஹெட்டுக்கு இரண்டு நிலைகள். முதல் நிலை சுமார் 65 கெல்வினில் நிற்கும். பம்பின் வாயிலில் இருக்கும் சாய்தகடுகள் இந்தக் குளிரில் இருப்பதால், நீராவி அவற்றில் பட்டதும் பனியாகிவிடும். இரண்டாம் நிலை 10 முதல் 15 கெல்வின். நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் மூன்றும் அதன் வெளிமுகத்தில் உறையும். அந்தக் குளிருக்கும் அடங்காத ஹைட்ரஜன், ஹீலியம், நியான் ஆகியவற்றுக்காகத் தகட்டின் உள்முகத்தில் ஆக்டிவேட்டட் கார்பன் ஒட்டியிருக்கும்; பெரும்பாலும் கொட்டாங்கச்சியிலிருந்து செய்த கரி. குளிர்ந்த கொட்டாங்கச்சிக் கரி வாயுவை எவ்வளவு வலுவாக உள்ளிழுக்கிறது என்பதை ஜேம்ஸ் டூவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திரவக் காற்றைக் கொண்டு காட்டிவிட்டார். இன்றைய பம்புக்குள் இருப்பதும் அதே தத்துவம்தான்.

பிடித்துவைக்கும் பொருளுக்கு எல்லை உண்டு. அந்த எல்லை வாயுவுக்கு வாயு மாறும். வாய் 200 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சாதாரண பம்ப் ஆர்கானை ஏறத்தாழ 1000 லிட்டர் வரை தாங்கும். சாதாரண அழுத்தத்தில் அளந்த லிட்டர் அது. ஹைட்ரஜனோ 10 முதல் 20 லிட்டர்தான். ஸ்பட்டரிங் முறையில் படலம் பூசும் ஒரு கருவியில் நிமிடத்துக்கு 50 கன சென்டிமீட்டர் ஆர்கான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3 லிட்டர், நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 24 லிட்டர். நாற்பது நாளைக்குச் சற்று மேல் போனால் பம்ப் நிறைந்துவிடும். அதே பம்பில் நிமிடத்துக்கு 5 கன சென்டிமீட்டர் ஹைட்ரஜன் போனால் மூன்று நாள் தொடர்ச்சியான ஓட்டத்தைக்கூட அது தாங்காது. இந்தக் கணக்கு எழுதி வைத்தால்தான் தெரியும்; அழுத்தமானி சொல்லாது. ஆர்கான் உறைந்து அடுக்கு தடித்துக்கொண்டே போகும்போதும் பம்பின் வேகம் பெரும்பாலும் குறையாமலே இருக்கும். முள் நல்ல வெற்றிடத்தைக் காட்டும், இரண்டாம் நிலை 13 கெல்வின் என்று வெப்பமானி காட்டும், உள்ளே இருப்பு எல்லையை நெருங்கியிருக்கும். சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைக் கடையின் வாசலை வைத்துச் சொல்ல முடியாது, பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும், இதுவும் அப்படித்தான். மானியில் மாற்றம் தெரிகிறவரை காத்திருந்து ரீஜென் செய்கிறவர், இருப்பு மிக அதிகமாக இருக்கும் நாளைத் தேடிப் பிடித்துப் பம்பை நிறுத்துகிறார்.

நிறுத்தியதும் என்ன ஆகிறது? ஆயிரம் லிட்டர் ஆர்கான் உறைந்த நிலையில் சுமார் ஒரு லிட்டர் இடத்தைத்தான் அடைத்திருக்கும்; எடை 1.8 கிலோவுக்குப் பக்கம். சூடேறியதும் அது மறுபடியும் ஆயிரம் லிட்டர் ஆகிவிடும். பம்பின் உள்கொள்ளளவு பத்து லிட்டர் என்று கொண்டால், அடைத்து வைத்திருக்கும்போது அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்கு வரை ஏற வேண்டும். வெற்றிடத்துக்காகச் செய்த மெல்லிய எஃகு உடல் அதற்கு வெகு முன்பே கிழிந்துவிடும். அப்படி நடக்காமல் தடுப்பது ஒரு சின்ன ரிலீஃப் வால்வு. வெளியழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடியதும் அது திறந்து வாயுவை விட்டுவிடும். பம்பில் உள்ள பாகங்களிலேயே மலிவானவற்றுள் ஒன்று. ஆனால் அதைக் கெடுப்பதற்கு ஆட்களுக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும். ரீஜெனின்போது கரித்துகளோ தூசோ பறந்து வந்து அதன் ஓ-ரிங்கில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வால்வு சரியாக மூடாது, காற்று கசியும், பம்ப் எவ்வளவு நேரம் ஆனாலும் குளிராது. கசிவைத் தேடி இந்த வால்வில் கண்டுபிடித்தவருக்கு முதலில் தோன்றுவது அதை இறுக்கிக் கட்டுவதோ, எடுத்துவிட்டு மூடித்தகடு போடுவதோதான். வெற்றிடம் உடனே சரியாகிவிடும், அடுத்த ரீஜெனில் பம்புக்கு வாய் இருக்காது. செய்ய வேண்டியது ஓ-ரிங்கையும் அது உட்காரும் இடத்தையும் துடைத்து மறுபடி போடுவது. உள்பக்கம் தூசு தடுக்கும் வடிகட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. வால்வுக்கும் பம்புக்கும் இடையில் மூடக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. வெளிக்குழாய் குறுகலாக இருந்தாலும் பலன் ஒன்றுதான்: வாயு போகும் வேகம் குறைந்து உள்ளே அழுத்தம் ஏறும்.

ஆர்கானின் ஆபத்து அளவில் இருக்கிறது, ஹைட்ரஜனுடையது தன்மையில். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் ஐம்பதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். கையில் தேங்கும் நிலைமின்சாரமே அதைவிட அதிகம். “எங்கள் வேலையில் ஹைட்ரஜனே கிடையாது” என்று சொல்பவர்கள் உண்டு. சிலிண்டரில் இல்லாமல் இருக்கலாம், சேம்பரில் இருக்கும். புதிதாகப் படியும் அலுமினியமும் டைட்டானியமும் மிஞ்சிய நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடுவிக்கும். அயனிகளைப் பதிக்கும் கருவியில் தகட்டின் மேலுள்ள ஃபோட்டோரெசிஸ்ட் பூச்சு சிதைந்து ஹைட்ரஜனைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்த வகைக் கருவிகளில் பம்பை ரீஜெனுக்குத் தள்ளுவதே பெரும்பாலும் இந்த ஹைட்ரஜன்தான். பம்ப் சூடாகத் தொடங்கியதும் கரியிலிருந்து முதலில் கழல்வதும் அதுவே, 20 கெல்வினைத் தாண்டிய சில நிமிடங்களுக்குள் பெரும்பகுதி வெளிவந்துவிடும். 15 லிட்டர் ஹைட்ரஜனை 4 சதவீதத்துக்குக் கீழே வைக்க 360 லிட்டருக்கு மேல் வாயு அதனோடு கலக்க வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர் நைட்ரஜன் விட்டால் அதற்கு 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஹைட்ரஜனோ அவ்வளவு பொறுமையாக வருவதில்லை. அதனால் நைட்ரஜனை ஓடவிட்டுத் துடைக்கும் பர்ஜைத் தொடங்கிவிட்டுத்தான் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டும், அல்லது இரண்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். பம்பை நிறுத்திவிட்டுச் சிலிண்டரைத் திறக்கப் போவது வரிசையைத் தலைகீழாக்குவது. பர்ஜ் நீர்க்கவைப்பதோடு நிற்பதில்லை. உறைந்திருக்கும் ஆக்சிஜன் ஆவியாவதற்கு முன்பே ஹைட்ரஜனை வெளியே துடைத்துத் தள்ளிவிடுகிறது. எரிபொருளும் அதை எரியவைப்பதும் ஒரே உடலுக்குள் சந்திக்காமல் இருப்பது இந்த முந்தல் பிந்தலால்தான். பம்புக்குள் எட்டிப் பார்க்கும் அயனி கேஜின் இழையை முன்கூட்டியே அணைத்துவிட வேண்டும் என்பதற்கும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதே காரணம்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஆக்சிஜன். கண்ணாடிகளுக்கு டைட்டானியம் டை ஆக்சைடும் சிலிக்கான் டை ஆக்சைடும் மாறி மாறிப் பூசும் வேலையில் சேம்பருக்குள் ஆக்சிஜனை வேண்டுமென்றே விடுகிறார்கள். அதே சேம்பரில் எலக்ட்ரான் பீமோ அயனி மூலமோ பிளாஸ்மாவோ எரிந்துகொண்டிருக்கும். ஆக்சிஜன் அவற்றின் ஊடே போகும்போது அதில் ஒரு பகுதி ஓசோனாக மாறி, மற்ற ஆக்சிஜனோடு சேர்ந்து பம்பில் உறைந்துவிடும். குளிராக இருக்கும்வரை தொந்தரவு இல்லை. சூடேறும்போது ஆக்சிஜன் 90 கெல்வினிலேயே கொதித்துப் போய்விடுகிறது. ஓசோன் கொதிப்பது 161 கெல்வினில். இடைப்பட்ட எழுபது டிகிரியில் ஆக்சிஜன் விலகிக்கொண்டே போக, கருநீலத் திரவமாக ஓசோன் செறிந்துகொண்டே வரும். செறிந்த திரவ ஓசோன் வெடிப்பதற்குத் தீப்பொறிகூட வேண்டாம், ஓர் அதிர்வு போதும். பக்கத்திலேயே கரியும் இருக்கிறது. கரியைத் திரவ ஆக்சிஜனில் ஊறவைத்தால் வெடிமருந்தாகிவிடும் என்பதைக் கார்ல் ஃபான் லிண்டே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலேயே கண்டார்; சுரங்கங்களில் பாறை பிளக்க அதைப் பயன்படுத்தினார்கள். உருகும் ஆக்சிஜன் தகட்டிலிருந்து சொட்டிக் கரியில் இறங்குவதை யாரும் விரும்ப முடியாது. இதற்கு இரண்டே வழிகள்தான் இருக்கின்றன. ஓசோன் சேரும் அளவைச் சிறிதாக வைத்துக்கொள்ள, ஆர்கான் பம்புக்கு உரிய இடைவெளியைவிட மிகக் குறுகிய இடைவெளியில் ரீஜென் செய்வது. செய்யும்போது உலர்ந்த நைட்ரஜனைத் தாராளமாக ஓடவிட்டு, திரவமாகத் தேங்க நேரம் கொடுக்காமல் அடித்துக்கொண்டு போவது. பர்ஜுக்குக் காற்றையே விட்டால் செலவு மிச்சம் என்ற யோசனை இந்த இடத்தில் உடைந்துபோகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் உள்ள வாயு ஹைட்ரஜனுக்கும் ஆகாது, கரிக்கும் ஆகாது. அதிலுள்ள ஈரம் வேறு பம்பை நனைத்துவிடும்.

ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரீஜெனில் நேரம் செலவாவது அதில்தான். சேம்பரைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சுவரில் படிந்த ஈரம் முதல் நிலைத் தகடுகளில் பனியாகச் சேர்கிறது. பர்ஜ் இல்லாமல் பம்பைச் சும்மா விட்டால் அந்தப் பனி உருகி அடியில் குட்டையாக நிற்கும், கரியையும் நனைக்கும். நனைந்த கரியை வெற்றிடத்தில் உலர்த்துவது பல மணி நேர வேலை. இளஞ்சூடான உலர் நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்தால் அது வெப்பத்தையும் கொண்டுவரும், ஈரத்தையும் ஆவியாகவே தூக்கிக்கொண்டு போகும். இரண்டு நிலைகளும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகும் பர்ஜைச் சிறிது நேரம் தொடர வேண்டும். பிறகு தொடக்க வெற்றிடத்துக்கான ரஃபிங் பம்பைத் திறந்து சுமார் 50 மில்லிடார் வரை இறக்குவது, தேவைப்பட்டால் மறுபடி நைட்ரஜன் நிரப்பி மறுபடி இறக்குவது. எண்ணெயில் ஓடும் ரோட்டரி பம்பாக இருந்தால் 50க்குக் கீழே இன்னும் இன்னும் இறக்கிப் பார்க்க ஆசைப்படக் கூடாது. அந்த அழுத்தத்துக்குக் கீழே குழாயில் ஓட்டம் மெலிந்து, எண்ணெய் ஆவி எதிர்த்திசையில் பம்புக்குள் ஏறிவரும். கரி அதை உள்ளிழுத்துக்கொள்ளும், எந்த ரீஜெனும் அதை வெளியே எடுக்காது, தகட்டையே மாற்ற வேண்டியதுதான். அடுத்து வால்வை மூடி அழுத்தம் ஏறும் வேகத்தைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 10 மில்லிடாருக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதில் தோற்றால் ஏறும் விதத்தைக் கவனித்தாலே காரணம் புரிந்துவிடும். முதலில் வேகமாக ஏறிப் பிறகு தளர்ந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் கசிவு, பெரும்பாலும் அந்த ரிலீஃப் வால்வுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, கசியும் பம்பை மணிக்கணக்கில் உலர்த்துகிறவர்களை நிறையவே பார்க்கலாம்.

“இதையெல்லாம் இப்போது கன்ட்ரோலரே செய்கிறதே” என்பது வலுவான மறுப்பு. உண்மைதான், பர்ஜ், சூடேற்றம், ரஃபிங், அழுத்த ஏற்றச் சோதனை, மறுகுளிரூட்டல் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் வரிசை தவறாமல் நடத்தும் கன்ட்ரோலர்கள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. மறதியுள்ள மனிதரைவிட அவை மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கன்ட்ரோலருக்குத் தெரிவது இரண்டு வெப்பநிலைகளும் ஓர் அழுத்தமும் மட்டுமே. தகட்டில் உறைந்திருப்பது ஆர்கானா ஆக்சிஜனா, எத்தனை லிட்டர், அதில் ஓசோன் உண்டா என்பது அதற்குத் தெரிய வழியில்லை. நைட்ரஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்பதும் பல அமைப்புகளில் அதற்குத் தெரியாது. பர்ஜ் வால்வைத் திறந்துவிட்டோம் என்பதையே பர்ஜ் நடந்ததாக எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 30 லிட்டர் வீதம் ஒன்றரை மணி நேரப் பர்ஜுக்கு 2700 லிட்டர் வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் 7 கனமீட்டர் சிலிண்டர் ஒன்று இரண்டு ரீஜெனுக்கு வரும், மூன்றாவதுக்குப் பாதியிலேயே தீர்ந்துவிடும். இந்த எளிய வகுத்தலைச் செய்யாத கூடத்தில் மூன்றாவது ரீஜெனின் பின்பாதி பர்ஜ் இல்லாமல் நடக்கிறது, திரையிலோ எல்லாம் சரி என்று வருகிறது. பொத்தானை அழுத்துகிறவர் அதற்கு முன் சிலிண்டரின் மானியையும் இருப்புக் கணக்கையும் பார்த்தால், கன்ட்ரோலர் மிக நல்ல துணை.

அடுத்த மறுப்பு நேரத்தைப் பற்றியது. ரீஜென் என்றால் சூடேற்றமும் உலர்த்தலும் மறுபடி குளிர்வதுமாக அரை நாள் போய்விடும். அடிக்கடி செய்தால் உற்பத்தி கெடும் என்பார்கள். இதற்காகவே வேகமான அரை ரீஜென் முறை வந்தது. இரண்டாம் நிலையை மட்டும் சூடாக்கி ஆர்கானையும் ஹைட்ரஜனையும் விட்டுவிட்டு, முதல் நிலைப் பனியை உருகவிடாமல் அப்படியே வைத்திருந்து மறுபடி குளிர்விப்பது. நல்ல முறை, நான் அதை எதிர்க்கவில்லை. அதைச் சரியாகப் பயன்படுத்தவே கணக்கு தேவைப்படுகிறது: பனி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எத்தனை அரை ரீஜெனுக்கு ஒரு முழு ரீஜென் என்பதை ஊகத்தில் முடிவு செய்ய முடியாது. இருப்பு தெரிந்தால் வேலை குறைவான நாளில் ரீஜெனை வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் நாளைப் பம்ப் தேர்ந்தெடுக்கும், அது பெரும்பாலும் அவசர வேலை நடுவில் இருக்கும் நாள்.

அந்த நாளை மின்சாரமும் தேர்ந்தெடுக்கும். மின்தடை என்பது யாரும் கேட்காத ரீஜென். கம்ப்ரஸர் நின்றதும் கரி சற்றே சூடாகி ஹைட்ரஜனை விடும். இதுவரை வெற்றிடமாக இருந்த இடத்தில் வாயு வந்ததால் வெளிச்சுவரின் வெப்பம் அதன் வழியாகத் தகட்டுக்குப் பாயும். தகடு மேலும் சூடாகி நைட்ரஜனையும் ஆர்கானையும் விடும். ஒன்று மற்றொன்றை விரட்டுவதால் தொடங்கியபின் வேகம் கூடிக்கொண்டே போகும். பம்பையும் சேம்பரையும் பிரிக்கும் கேட் வால்வு திறந்த நிலையில் நின்றுவிட்டால் வாயு சேம்பருக்குள் ஏறி, கண்ணாடிச் சன்னலை உள்ளிருந்து தள்ளும். சேம்பர்ச் சன்னல்கள் வெளியழுத்தத்தைத் தாங்கச் செய்தவை, உள்ளழுத்தத்துக்கு அல்ல. ஆகவே மின்சாரம் போனால் கேட் வால்வு தானாக மூடும்படியும், பர்ஜ் வால்வு தானாகத் திறக்கும்படியும் அமைத்திருக்க வேண்டும். இதன் பொருள், ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை இரவிலும் நைட்ரஜன் லைனில் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது. சிக்கனம் கருதி வார இறுதியில் சிலிண்டரை மூடிவிட்டுப் போகும் வழக்கம் இந்தப் பாதுகாப்பை அப்படியே எடுத்துவிடுகிறது. மின்சாரம் திரும்பியதும் செய்யக் கூடாத காரியம், கம்ப்ரஸரை உடனே போட்டுவிட்டு நிம்மதியடைவது. இரண்டாம் நிலை எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சில டிகிரிதான் ஏறியிருந்தால் பம்ப் மீண்டுவிடும். வாயுக்கள் இடம் மாறி முதல் நிலையில் ஒட்டிக்கொண்ட பிறகு வெறுமனே குளிர்வித்தால், அவை அங்கிருந்து மெதுவாகக் கசிந்து வெற்றிடத்தைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். முழு ரீஜென்தான் வழி.

மூச்சுத்திணறலைப் பற்றிய அச்சம் சில இடங்களில் மிகையாகவும் சில இடங்களில் இல்லாமலும் இருக்கிறது. 30 கனமீட்டர் அறையில் 1000 லிட்டர் ஆர்கான் கலந்தால் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 20.2க்குத்தான் இறங்கும், அபாய எல்லையாகக் கருதப்படும் 19.5க்கு மேலேதான். ஆனால் பர்ஜ் நைட்ரஜனும் அதே அறைக்குள் வந்தால், அல்லது மூன்று பம்புகளை ஒரே இரவில் ரீஜென் செய்தால், கணக்கு மாறிவிடும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது என்பதால் கருவிக்கு அடியிலுள்ள பள்ளத்தில் தேங்கும், குனிந்து வேலை செய்பவரின் முகம் இருப்பதும் அங்கேதான். வெளிக்குழாயைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுவதில் பெரிய செலவில்லை.

இத்தனை கவலைக்குப் பதில் டர்போ பம்பையே வைத்துவிடலாமே என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். நாள் முழுவதும் பிளாஸ்மாவும் ஆக்சிஜனுமாக ஓடும் வேலைக்கு என் தேர்வும் டர்போதான். ஆனால் நீராவியை வேகமாகப் பிடிப்பதில், எண்ணெயே இல்லாத சுத்தத்தில், கிரையோ பம்புக்கு நிகர் இன்றும் எளிதில் கிடைப்பதில்லை. ஓர் 200 மில்லிமீட்டர் பம்ப் நீராவியை நொடிக்கு 4000 லிட்டர் வேகத்தில் உறிஞ்சும். வேறு வழியே இல்லாத இடங்களும் உண்டு. பிரான்ஸின் கடராஷில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் அணு இணைவு உலையில் ஹைட்ரஜன் வகைகளையும் ஹீலியத்தையும் உறிஞ்சப் போவது கொட்டாங்கச்சிக் கரி பூசிய கிரையோ பம்புகளே. அங்கே பம்பின் வேலைநேரத்தை முடிவு செய்வது மானியன்று. தவறிக் காற்று புகுந்து உள்ளிருக்கும் ஹைட்ரஜன் எரிந்தாலும் உடல் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டு, பம்புக்குள் சேரும் ஹைட்ரஜனுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குள் நிற்பதற்காகச் சில பம்புகள் உறிஞ்சும்போது மற்றவை முறைவைத்து ரீஜெனில் இருக்கும். ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் விடுவிக்க 100 கெல்வின், காற்று போன்றவற்றுக்கு அறை வெப்பம், நீராவியும் கனமான ஆவிகளும் போக 475 கெல்வின் என்று வாயுவுக்கு ஏற்ற படிகள் வகுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இயந்திரத்துக்குத் தேவைப்பட்ட கணக்கு நம் கூடத்துச் சிறிய பம்புக்குத் தேவையில்லை என்று யாராவது சொன்னால், ஹைட்ரஜன் எரியும் விதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

கணக்கேட்டில் நிறைய எழுத வேண்டியதில்லை. தேதி, ஓடிய வாயு, ஓட்ட வேகம், நேரம், சேம்பரைத் திறந்த தடவை, இரண்டு நிலைகளின் வெப்பநிலை, கடைசி ரீஜெனில் ஏற்றச் சோதனையின் அளவு. கருவி இயக்குபவர் ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். பம்புக்குப் பக்கத்திலேயே அது தொங்க வேண்டும், அலுவலக அலமாரியில் இருந்தால் ரீஜென் நேரத்தில் யாரும் போய் எடுக்க மாட்டார்கள். பம்பைப் பழுதுக்கு அனுப்பும் நாளில் அதன் நகல் பெட்டிக்குள் கூடவே போக வேண்டும். பொறுப்பான பழுதுபார்ப்பு நிலையங்கள் உள்ளே என்னென்ன போனது என்ற கையெழுத்திட்ட அறிக்கை இல்லாமல் பம்பைத் திறப்பதில்லை. அர்சைனும் பாஸ்பைனும் ஓடிய அயனிப் பதிப்புக் கருவியின் பம்பில், வாயு முழுக்கப் போன பிறகும் தகட்டில் ஆர்செனிக் படிவு ஒட்டியிருக்கும். அந்தத் தகட்டைக் கழற்றிக் கையில் எடுக்கப் போகிறவர் நம் சேம்பரை ஒருநாளும் பார்க்காதவர். எந்தக் கையுறையை மாட்டுவது, மூக்கை எதனால் மூடுவது, கரியை எந்தப் பையில் போடுவது என்பதை நாம் எழுதி அனுப்பியதைப் படித்துத்தான் அவர் முடிவு செய்வார்.